டம்ளரை இறுக்கிப் பிடிக்காதீர்கள்: சமூகப் பதற்றச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டவராவோடு காபியைக் கையில் வாங்கும்போது விரல் லேசாக நடுங்கினாலும் போதும், டம்ளர் இடித்துக் கிணுகிணுவென்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் 15 வருடம் போன வீடுகளில் எல்லாம் "காபி குடிப்பதில்லை" என்று சொல்லி வந்தேன். நாலு பேர் பார்வையில் படுவதற்கே பயப்படும் இதற்குச் சமூகப் பதற்றம் என்று பெயர் உண்டு, வைத்தியமும் உண்டு என்பது 32 வயதில்தான் தெரிந்தது. பேச்சு சிகிச்சை, மாத்திரை இரண்டும் எனக்குக் கைகொடுத்தன. ஆனால் நடுவில் நான் செய்த தவறுகளால் ஒரு வருடத்துக்கு மேல் வீணாகப் போயிற்று. அந்த ஒரு வருடத்தை நீங்களும் இழக்கக் கூடாது.

"கூச்ச சுபாவம், வயது ஏற ஏறச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்தைய தவறு. கூச்ச சுபாவம் உள்ளவர் கல்யாண வீட்டில் சிறிது நேரம் ஒதுங்கி நிற்பார், பிறகு பேச்சில் கலந்துகொள்வார். சமூகப் பதற்றம் உள்ளவரோ அந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க ஒரு வாரம் முன்பே காரணம் தேடத் தொடங்கிவிடுவார். இப்படி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ தடுக்கிறது என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது 1980-லேயே தனி நோயாக இடம்பெற்றுவிட்டது. நடுக்கமும் படபடப்பும் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும் என்பதால், மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அடுத்தது, தெரிந்தவர் கொடுத்த மாத்திரையை விழாவுக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொள்வது. நானும் போட்டேன். அல்பிரசோலம் போன்றவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அமுக்கிவிடும், அதுதான் ஆபத்து. நாளாக ஆக அளவு போதாமல் போகும், உடல் அதற்கு அடிமைப்படும், மதுவோடு சேர்ந்தால் மூச்சே தடுமாறலாம். இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறிச் சமாளித்துவிட்டால், "நான் சமாளித்தேன்" என்று மனம் பதிவு செய்யாது, "மாத்திரை காப்பாற்றியது" என்றே பதிவு செய்யும். கூட்டத்துக்குப் போகும் முன் இரண்டு பெக் போட்டுக்கொள்பவர்களின் கதையும் இதேதான். புரோப்ரனோலால் என்ற மாத்திரை மேடை நடுக்கத்துக்கு மட்டும் சிலருக்குத் தரப்படுகிறது. அன்றாடம் மனிதர்களோடு பழகும்போது வருகிற பதற்றத்தை அது தீர்க்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தான மருந்து.

மனநல மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதுவது எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை மருந்துகள். இவற்றில் அவசரத்துக்கு இடமில்லை. முதல் வாரங்களில் குமட்டல், தூக்கக் குறைவு, சிலருக்குப் படபடப்பு கூடுவதும் உண்டு. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், முழுதாகத் தெரியப் பன்னிரண்டு வாரம்வரைகூட ஆகலாம். நான் பத்தாவது நாளே "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிட்டேன். பக்கவிளைவை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வரும் முன்பே எழுந்து போய்விட்டேன் என்று இப்போது தெரிகிறது. ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது: 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும், அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சரியானதும் சட்டென்று நிறுத்துவது இதற்கு நேர் எதிரான தவறு. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். பிறகும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். இந்த மருந்துகளால் பாலுறவில் ஆர்வம் குறைந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மருந்தை ரகசியமாக நிறுத்துகிறவர்கள் பலர். தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்; அவருக்கு அது தினமும் கேட்கிற விஷயம்.

பேச்சு சிகிச்சைக்கு வருவோம். என் மனதுக்கு நெருக்கமான பகுதி இது. வாரம் ஒரு முறை போய் மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டு வந்தால் பாரம் குறையும், பயம் போகாது. சமூகப் பதற்றத்துக்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சை, சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை; பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்றுவது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு முதலில் தரச் சொல்வதும் இதைத்தான். அதில் பாதி வேலை அறைக்கு வெளியே நடக்கிறது.

இந்த நோயை வளர்ப்பது நம்முடைய தற்காப்புத் தந்திரங்களே என்று டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல் விளக்கினார்கள். பேசும் முன் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, கண்ணைப் பார்க்காமல் செல்போனைப் பார்ப்பது, வியர்வை தெரியாத நிறத்தில் சட்டை போடுவது, டம்ளரை இறுக்கிப் பிடிப்பது. எல்லாம் காப்பாற்றுவது போலத் தோன்றும். உண்மையில் கவனம் முழுவதையும் நம் உடம்பின் மீதே கட்டிப்போட்டுவிடும்.

என் உளவியலாளர் ஒரு நாள் காபி வரவழைத்தார். முதல் முறை, வழக்கம்போல் இறுக்கிப் பிடித்து, கையையே கவனித்தபடி குடிக்கச் சொன்னார். இரண்டாம் முறை, பிடியைத் தளர்த்தி, எதிரே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி குடிக்கச் சொன்னார். இரண்டையும் செல்போனில் வீடியோ எடுத்தார். போட்டுப் பார்க்கும் முன், "உங்கள் கை எவ்வளவு நடுங்கியிருக்கும், நடித்துக் காட்டுங்கள்" என்றார். நான் கிளை ஆடுவது போல ஆட்டிக் காட்டினேன். படத்தில் முதல் முறை விரல் நுனியில் சிறு அசைவு, அவ்வளவுதான். இரண்டாம் முறை அதுவும் இல்லை. இறுக்கிப் பிடித்ததால்தான் நடுங்கியது. அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன், 15 வருடத்தை நினைத்து.

அதனால் சிகிச்சையாளர் கொடுக்கும் வீட்டுப் பாடத்தை, அது கடைக்காரரிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது போன்ற சின்ன விஷயமாக இருந்தாலும், தள்ளிப்போடாதீர்கள். பதற்றம் அடங்கிய பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. வெளியே போய்விட்டு வந்த பிறகு இரவில் படுத்துக்கொண்டு, "ஏன் அப்படிச் சொன்னேன், அவர் ஏன் சிரித்தார்" என்று விசாரணை நடத்துவதையும் விட வேண்டும்; பகலில் கிடைத்த பலனை அது இரவில் தின்றுவிடும்.

பணம் இல்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போன் செய்வதே பயம் என்றால், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்துவிடுங்கள். முதல் அழைப்புக்கு அது குற்றமில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோட்டலில் சர்வர் வந்ததும், "அவனுக்கு ஒரு மசால் தோசை" என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். பாசத்தில் செய்வதுதான், புரிகிறது. என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அடுத்த முறை சர்வர் மேசையருகே வந்து நிற்கும்போது, அரை நிமிடம் யாரும் பேசாமல் போனாலும் பரவாயில்லை, மெனு அட்டையைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.