பச்சையாகிப்போன நீச்சல் குளத்தை மீண்டும் தெளியவைப்பது எப்படி?

பல மாதம் கவனிக்காமல் விட்ட குளத்தில் தண்ணீர் பச்சையாவதற்குக் காரணம் பாசி. குளோரின் தீர்ந்துபோன தண்ணீரில் வெயிலும் சேர்ந்தால் பாசி சில நாட்களிலேயே குளம் முழுக்கப் பரவிவிடும். ஒரு டப்பா குளோரினைக் கொட்டிவிட்டு மறுநாள் தெளிந்துவிடும் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்வது. போட்ட குளோரினைப் பாசி சில மணி நேரத்தில் தீர்த்துவிடும், மிஞ்சியது மறுபடி வளரும். குளோரினைத் தேவையான அளவுக்கு ஏற்றி, பாசி முழுவதும் சாகும்வரை அந்த அளவு இறங்காமல் பிடித்து வைக்க வேண்டும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அதைப் பொறுத்து இதற்கு மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்.

தண்ணீரை இறைத்துவிடலாமா?

வேண்டாம். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலிக் குளத்தை அந்த நீர் அடியிலிருந்து தள்ளும். கான்கிரீட் தரை விரிசல் விடலாம், ஃபைபர் குளம் மண்ணிலிருந்து மேலே எழும்பிவிடலாம். வினைல் விரிப்பு காய்ந்தால் சுருங்கிக் கிழியும். எவ்வளவு மோசமான பச்சையும் ரசாயனத்துக்கும் ஃபில்டருக்கும் கட்டுப்படும்.

அடி தெரியாத தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, சுத்தம் செய்கிறவரும்தான். உள்ளே விழுந்தவரை மேலே நிற்பவரால் பார்க்கவே முடியாது. வேலை முடியும்வரை குழந்தைகள் வர முடியாதபடி குளத்தை அடைத்து வையுங்கள்.

படி 1: குப்பையை வெளியே எடுங்கள்

நீண்ட கைப்பிடி உள்ள ஆழமான வலையால் அடியிலிருந்து இலைகளை வாரி எடுங்கள். மக்கிய இலை கிடக்கும்வரை நீங்கள் போடும் குளோரினில் பெரும்பகுதி அதை எரிக்கவே போய்விடும். கண்ணுக்குத் தெரியாததால், வலையில் எதுவும் வராதவரை ஒவ்வொரு பகுதியாகத் துழாவ வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் பணம் மிச்சமாவது இங்கேதான். இந்தக் கட்டத்தில் வேக்குவம் போடாதீர்கள். இலைகள் குழாயை அடைத்துவிடும்.

படி 2: கொள்ளளவும் சோதனையும்

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் சராசரி ஆழம் என்றால் 48,000 லிட்டர்.

இப்போது பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை), சயனூரிக் அமிலம் இரண்டையும் அளவிடுங்கள். சயனூரிக் அமிலம் (கடையில் ஸ்டெபிலைசர் என்று கிடைப்பது) குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது, கூடவே அதன் வேகத்தையும் குறைக்கிறது. அதனால் எவ்வளவு குளோரின் வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். சயனூரிக் அமிலத்தை அளக்கக் கறுப்புப் புள்ளி மறையும்வரை ஊற்றிப் பார்க்கும் சோதனையில் கலங்கல் நீர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மாதிரியை மெல்லிய வடிதாளில் வடித்த பிறகு சோதியுங்கள்.

சயனூரிக் அமிலம் பூஜ்யத்தில் இருந்தால் 10,000 லிட்டருக்கு 300 கிராம் வீதம் சேர்த்து 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) ஆக்குங்கள். அது இல்லாத குளோரினில் பாதி நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். மாறாக 100-ஐ நெருங்கியிருந்தால் பாதித் தண்ணீரைக் கட்டங்கட்டமாக மாற்றுவது நல்லது. அதைக் குறைக்க நம்பகமான வழி தண்ணீர் மாற்றுவது மட்டுமே.

படி 3: பிஎச்-ஐ 7.2-க்குக் கொண்டுவாருங்கள்

இதைக் குளோரினுக்கு முன்பே முடித்துவிடுங்கள். குளோரின் 10 பிபிஎம்-ஐத் தாண்டிவிட்டால் பிஎச் சோதனையின் நிறத்தை நம்ப முடியாது. பிஎச் கூடுதலாக இருந்தால் 10,000 லிட்டருக்கு 100 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை (31 சதவீதம்) பம்ப் ஓடும்போது தண்ணீர் வந்து விழும் இடத்தில் மெதுவாக ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்து, தேவைப்பட்டால் தொடருங்கள்.

அமிலமும் குளோரினும் ஒரே வாளியில், ஒரே கோப்பையில் சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். இரு வகைக் குளோரினை உலர்ந்த நிலையில் கலந்தாலும் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். எப்போதும் தண்ணீரில்தான் ரசாயனத்தைப் போட வேண்டும், ரசாயனத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

படி 4: குளோரினை ஏற்றிப் பிடியுங்கள்

எட்ட வேண்டிய அளவு சயனூரிக் அமில அளவில் 40 சதவீதம். அது 30 என்றால் குளோரின் 12 பிபிஎம், 50 என்றால் 20 பிபிஎம்.

10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 10,000 லிட்டரில் 1 லிட்டர் ஊற்றினால் 10 பிபிஎம் ஏறும். நம் 48,000 லிட்டர் குளத்துக்கு 12 பிபிஎம் வேண்டுமானால் சுமார் 5.8 லிட்டர். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளானால் ஏறத்தாழ 890 கிராம். தூளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள், நேராகப் போட்டால் அடியில் படிந்து விரிப்பை வெளுக்கும். பழைய கேன் வேண்டாம், வெப்பத்தில் வைத்திருந்த திரவத்தின் வீரியம் குறைந்திருக்கும். ட்ரைகுளோர் மாத்திரை இந்த வேலைக்கு ஒத்துவராது. அது தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுடனும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்ந்துவிடும், இலக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் மணிக்கொரு முறை அளந்து, குறைந்ததைத் திரும்ப ஏற்றுங்கள். பிறகு நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். சாதாரண டிபிடி சோதனையில் (நிறத்தை வைத்துக் குளோரினை அளப்பது) குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்துப்போய் ‘குளோரின் இல்லை’ என்பதுபோல் காட்டும். எஃப்ஏஎஸ்-டிபிடி சொட்டுச் சோதனைப் பெட்டி 50 பிபிஎம் வரை அளக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஊற்றிய குளோரின் பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் காணாமல் போனால் தண்ணீரில் அம்மோனியா இருக்க வாய்ப்புண்டு. மனம் தளராமல் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள், ஒரு கட்டத்தில் நிற்கத் தொடங்கும்.

படி 5: தேய்ப்பும் ஃபில்டரும்

தினமும் சுவர், தரை, படிகள், ஏணியின் பின்புறம், விளக்குக் குழி எல்லாவற்றையும் தேயுங்கள். சுவரில் ஒட்டிய பாசியின் மேல் வழவழப்பான படலம் இருக்கும். அது கிழிந்தால்தான் குளோரின் உள்ளே இறங்கும். வினைலுக்கும் ஃபைபருக்கும் நைலான் பிரஷ் மட்டுமே.

பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி காட்டும் எண்ணைக் குறித்து வைத்து, அதற்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏறியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். ஆரம்பத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறைகூடத் தேவைப்படும். மல்டிபோர்ட் வால்வின் (ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றுவது) கைப்பிடியைத் திருப்பும் முன் பம்பை நிறுத்துங்கள், ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் கேஸ்கட் கெட்டுவிடும். பேக்வாஷ் முடிந்ததும் ஒரு நிமிடம் ரின்ஸ் வைத்துவிட்டு ஃபில்டருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு குளத்துக்கே திரும்பும்.

பச்சை வெளிறி, தண்ணீர் பால் கலந்ததுபோல் சாம்பல் நிறமானால் நல்ல அறிகுறி, அது செத்த பாசி. அடியில் படிந்ததை வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து வேக்குவம் செய்து வெளியேற்றுங்கள், நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் திறப்பு) வாய்க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளோரின் ஏற்றியதும் தண்ணீர் பழுப்பானால் இரும்பு இருக்கிறது. கலங்கல் இல்லாமல் கண்ணாடிபோல் தெளிந்தும் பச்சையாகவே தெரிந்தால் பெரும்பாலும் செம்பு. அதற்குக் குளோரினைக் கூட்டிப் பயனில்லை, உலோகத்தைக் கட்டும் ரசாயனம்தான் வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்?

மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். தண்ணீர் தெளிந்து அடி துல்லியமாகத் தெரிய வேண்டும். இணைந்த குளோரின் (அழுக்கோடு சேர்ந்து வீரியம் இழந்தது) 0.5 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது. சூரியன் மறைந்த பின் அளந்த குளோரின், மறுநாள் விடிவதற்குள் 1 பிபிஎம்-க்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. இரவில் வெயில் இல்லை, எனவே இரவில் குறைந்தால் தின்ன ஏதோ உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஏணியைக் கழற்றி, விளக்கின் பின்னால் பாருங்கள்.

மூன்றும் அமைந்ததும் குளோரினைத் தானாக இறங்க விட்டு, பிஎச் 7.2 முதல் 7.8-க்குள் இருப்பதைச் சரிபார்த்த பின் இறங்கலாம். அன்றாடம் குளோரின் சயனூரிக் அமில அளவில் 7.5 சதவீதத்துக்குக் கீழே போகாமல் வைத்திருங்கள். மாத்திரை பயன்படுத்துபவரானால் மாதம் ஒருமுறை சயனூரிக் அமிலத்தை அளந்து, 50-ஐத் தாண்டியதும் திரவக் குளோரினுக்கு மாறிவிடுங்கள்.