வழிக்கயிற்று ரீலைக் கையால் செய்யும் முறை

காவிரியின் வண்டல் கலங்கிய பூம்புகார், தரங்கம்பாடிக் கடலில், நீட்டிய கையே தெரியாத நாள்கள் ஸ்கூபா முக்குளிப்பவருக்கு வாய்ப்பதுண்டு. தேசிய கடலியல் நிறுவனத்தார் 1991இல் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பொன்றைக் கண்டதும் இப்பகுதியில்தான். இத்தகைய நீரில் நங்கூரக் கயிற்றுக்கே திரும்பி வர, போகும்போதே அவிழ்த்துவிட்டுச் செல்லும் வழிக்கயிறு வேண்டும். அதைச் சுற்றிவைக்க, கைப்பிடியும் சுழல்தண்டும் கொண்ட ரீலைவிட, விரலை நுழைத்துச் சுழற்றும் எளிய உருளையே கையால் செய்ய ஏற்றது. அசையும் உறுப்பு இல்லாததால் மணல் புகுந்து இறுகுவதற்கு அதில் இடமில்லை.

நடுவுருளைக்கு, டெல்டாவில் பம்புசெட்டுக்குப் பயன்படும் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 62 மில்லிமீட்டர் நீளத் துண்டு போதும். பக்கத் தட்டுகளை 6 மில்லிமீட்டர் பிவிசி பலகையில் 120 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வெட்டி, நடுவே குழாய் இறுக்கமாக நுழையும் துளை இட வேண்டும். காய்கறி நறுக்கும் பாலிஎத்திலீன் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம்: பிவிசி பசை அதில் ஒட்டாது, நீரிலும் மிதக்கும். தட்டுகளுக்கு இடையே 40 மில்லிமீட்டர் விட்டு ஒட்டியபின், குழாய்களை இணைக்கும் கப்ளரிலிருந்து 5 மில்லிமீட்டர் அகலத்தில் அறுத்த வளையத்தை ஒவ்வொரு தட்டின் வெளிப்புறத்திலும் குழாயோடு ஒட்டுங்கள். இறுகச் சுற்றிய கயிறு தட்டுகளை வெளிநோக்கித் தள்ளும் என்பதால், இந்த வளையத்தைத் தவிர்க்கக் கூடாது. ஒரு நாள் உலர விடவும்.

அடுத்து, விளிம்பை ஒட்டி 16 மில்லிமீட்டர் துளைகள் சிலவற்றை இட்டு, எல்லா ஓரங்களையும் அரத்தால் உருட்டி, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அவசரப்படுபவர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். கயிற்றை அறுப்பது பாறை மட்டுமன்று. நம் ரீலின் பிசிறும் அறுக்கும். பஞ்சை ஓரத்தில் இழுத்துப் பார்த்தால், நார் சிக்கும் இடமெல்லாம் இன்னும் தேய்க்க வேண்டிய இடம்.

கயிறு, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளைப் பின்னல் நைலானாக இருக்கட்டும்; நாகப்பட்டினம் போன்ற மீன்பிடி ஊர்களின் வலைக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பாலிபுரொப்பிலீன் கயிறு மேலெழும்பி மிதந்து காலில் சிக்கும் என்பதால் ஆகாது. நைலானை முதலில் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, சுருங்கியபின் 3 மீட்டருக்கு ஒரு முடிச்சிடுங்கள்; கண் தெரியாத இடத்தில் விரலால் எண்ணியே தூரத்தை அறியலாம். முப்பது மீட்டர் போதும். உள்முனையை, குழாயில் இட்ட இரு சிறு துளைகளின் வழியே கோத்துக் கட்டாவிட்டால், கயிறு முழுதும் ஓடித் தீரும்போது உருளை தனியே கழன்றுபோகும். வெளிமுனையில், உருளையே நுழையும் அளவுக்குப் பெரிய கண்ணி வைக்கவும்.

சுற்றும்போது ஈரக் கயிற்றை மிதமான இழுப்பில், பக்கவாட்டில் பரப்பிச் சுற்றுங்கள். தட்டின் விளிம்புக்குக் கீழே 10 மில்லிமீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் தளர்ந்த சுற்றுகள் வழிந்து தட்டுக்கு வெளியே சிக்கிக்கொள்ளும், அந்தச் சிக்கலைக் கலங்கலில் அவிழ்ப்பது கடினம். கயிறு தானாக அவிழாமல் பூட்டுவதற்கு 316 தர துருப்பிடிக்காத எஃகில் இருமுனைக் கொக்கி வாங்கி, தட்டின் துளையோடு கயிற்றைச் சேர்த்து மாட்டவும்.

கடலுக்கு முன் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் கட்டி, கண்ணை மூடிக் கயிற்றைத் தொட்டபடி திரும்பி வரும் பயிற்சி எடுக்கவும். உரிய பயிற்சியில்லாமல் இந்த ரீலை நம்பிக் கப்பல் சிதைவுக்குள் நுழையக் கூடாது. அறுந்த மீன்வலைகள் உள்ள கடல் என்பதால் கயிறு வெட்டும் கத்தி எப்போதும் உடன் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கயிற்றை முழுவதும் அவிழ்த்து நன்னீரில் அலசி, நைந்த இடம் தெரிந்தால் ஒட்டுப்போடாமல் கயிற்றையே மாற்றிவிடவும்.