கோடையில் பயண நூல் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விடுமுறை நெருங்கும்போது மலை, காடு, கடல் பற்றிய புத்தகங்களைத் தேடுகிறவர்கள் பெருகுகிறார்கள். பட்டியல்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தப் பட்டியல்களில் இருக்கும் அருமையான நூல்கள் பல, நாற்பதாவது பக்கத்திலேயே மூடப்பட்டுவிடுகின்றன. சில நூல்கள் முழுவதும் படிக்கப்பட்டும் பாதி உண்மையை மட்டுமே வாசகர் மனத்தில் பதித்துவிடுகின்றன. இரண்டாவது வகை இழப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு சாகசத்தைப் பற்றி ஒரே ஒரு நூலைப் படித்துவிட்டு, நடந்தது அவ்வளவுதான் என்று நம்பிவிடுவது முதல் தவறு. அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடக்க 1914இல் புறப்பட்ட எர்னஸ்ட் ஷேக்கில்டனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கி நொறுங்கி 1915 நவம்பரில் மூழ்கியது. அவர் ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடலைக் கடந்து உதவி தேடிச் சென்றார். கப்பலில் இருந்த 28 பேரும் உயிர் தப்பினார்கள். "ஒருவரைக்கூட இழக்காத தலைவர்" என்ற புகழ் இதனால் வந்தது. ஆனால் அதே பயணத்திட்டத்தில் இன்னொரு குழுவும் இருந்தது. கண்டத்தின் மறுபுறம், ராஸ் கடல் பக்கத்தில் இறங்கிய அவர்கள், ஷேக்கில்டன் கடந்துவரும் வழியில் உணவுக் கிடங்குகளை அமைத்தார்கள். அவர் அந்தப் பக்கம் வரவே போவதில்லை என்பதை அறியாமல், நோயோடும் பசியோடும் வேலையை முடித்தார்கள். அவர்களில் மூன்று பேர் இறந்துபோனார்கள். ஷேக்கில்டன் 1919இல் வெளியிட்ட 'சவுத்' நூல் இந்தக் குழுவின் கதையையும் சொல்கிறது. எண்டியூரன்ஸை மட்டும் மையமாக வைத்து எழுதப்பட்ட விறுவிறுப்பான நூலோடு நிறுத்திக்கொள்பவருக்கு அந்த மூவரின் பெயரே தெரியாமல் போகலாம்.

எவரெஸ்ட் இதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 1996 மே மாதம் அங்கே வீசிய புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த மலையேற்றத்தில் பங்கேற்ற பத்திரிகையாளர் ஜான் கிராக்கவர் 1997இல் 'இன்டூ தின் ஏர்' எழுதினார். வேறொரு குழுவின் வழிகாட்டியான அனடோலி புக்ரியேவ், வாடிக்கையாளர்களுக்கு முன்பே இறங்கியதையும், ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறியதையும் கிராக்கவர் அதில் கேள்விக்குட்படுத்தினார். புக்ரியேவின் தரப்பு அதே ஆண்டு 'தி கிளைம்ப்' என்ற நூலாக வந்தது. அன்றிரவு புயலுக்குள் திரும்பிச் சென்று ஆட்களை மீட்டவரும் அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளைத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் உறைக்கும். மலையேற்ற நூல்களில் சுமை தூக்குபவர்களும் வழிகாட்டிகளும் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கிறார்கள். அதனால் டென்சிங் நார்கே சொல்லக் கேட்டு எழுதப்பட்டு, 1955இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தேடிப்பிடிக்கும் உழைப்பு வீண்போகாது.

அடுத்த தவறு ஆபத்தானது. கதையைப் பயணத் திட்டமாக எடுத்துக்கொள்வதைச் சொல்கிறேன். அலாஸ்காவின் காட்டில் கைவிடப்பட்ட ஒரு பேருந்தில் தங்கி, 1992இல் இறந்துபோன கிறிஸ் மெக்கண்ட்லெஸ் என்ற இளைஞரைப் பற்றி கிராக்கவர் எழுதிய 'இன்டூ தி வைல்ட்' 1996இல் வெளிவந்தது. அதன் பிறகு அந்தப் பேருந்தைப் பார்க்கப் பலர் கிளம்பினார்கள். வழியிலுள்ள டெக்லனிகா ஆற்றில் வெவ்வேறு ஆண்டுகளில் இருவர் மூழ்கி இறந்தார்கள். பலரை மீட்க வேண்டியிருந்தது. கடைசியில் 2020 ஜூனில் அந்தப் பேருந்தையே ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி அகற்றிவிட்டார்கள். நல்ல எழுத்து கால்களை வெளியே இழுக்கும், இழுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆற்றின் நீர்மட்டமும் வானிலையும் அந்தந்த நாளில், அந்த இடத்தை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சாகசத்தின் வெற்றியை ஒரு கோட்பாட்டின் வெற்றியாக எண்ணிக்கொள்வதும் இதற்கு நெருங்கிய உறவு. தோர் ஹெயர்டால் 1947இல் பெருவிலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் ஐந்து பேருடன் கிளம்பி, 101 நாட்களில் பாலினீசியத் தீவுகளை அடைந்தார். அதைச் சொல்லும் 'கான்-டிக்கி', கடல் பயணங்களைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்கு நான் தயங்காமல் தரும் நூல். தெப்பம் கரை சேர்ந்தது உண்மை. தென் அமெரிக்காவிலிருந்து சென்றவர்களே அந்தத் தீவுகளில் முதலில் குடியேறினார்கள் என்ற அவருடைய கருத்தை மொழியியலும் மரபணு ஆய்வும் ஏற்கவில்லை. அங்குள்ள மக்களின் முன்னோர் மேற்கே, ஆசியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

இயற்கை நூல்களிடம் வேட்டைக் கதையின் வேகத்தை எதிர்பார்ப்பதால்தான் அவை பாதியில் மூடப்படுகின்றன. பீட்டர் மத்தீசன் 1973இல் இமயமலையின் டோல்போ பகுதிக்கு விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலருடன் நடந்தார். அந்த அனுபவத்திலிருந்து வந்த 'தி ஸ்னோ லெபர்ட்' நூலில், தலைப்பில் இருக்கும் பனிச்சிறுத்தையை அவர் பார்ப்பதே இல்லை. இதை முன்கூட்டியே சொல்வதால் நூல் கெட்டுவிடாது. விலங்கு எப்போது வரும் என்று பக்கங்களைத் தள்ளாமல், பாறையையும் வெளிச்சத்தையும், மனைவியை இழந்து நடக்கும் ஒரு மனிதரின் மனத்தையும் நின்று படிக்க அது உதவும். இப்படிப்பட்ட நூலுக்கு ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் சிறு கட்டுரைகளில் தொடங்கலாம். மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' அதற்கு ஏற்றது. பறவைகளையும் விலங்குகளையும் பற்றி இவ்வளவு துல்லியமான தமிழில் எழுதியவர்கள் மிகச் சிலர்.

வரைபடம் இல்லாத பதிப்பை வாங்காதீர்கள். படகு கிளம்பிய எலிபென்ட் தீவுக்கும் அது போய்ச் சேர்ந்த தெற்கு ஜார்ஜியாவுக்கும் இடையே எவ்வளவு வெற்றுக் கடல் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் ஷேக்கில்டனின் படகுப் பயணம் புரியாது. சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டப்படுவது காத்திருப்பும் சலிப்பும்தான். பனியில் மாதக்கணக்கில் நகராமல் கிடந்ததைச் சொல்லும் பக்கங்கள் போய்விட்டால், அந்த மனிதர்கள் எதைத் தாங்கினார்கள் என்பதும் போய்விடும்.

பத்துப் புத்தகங்களை ஒரே நேரத்தில் அடுக்கிவைப்பதும் வேண்டாம். ஒரு விடுமுறைக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். துருவம் என்றால் ஷேக்கில்டனோடு, ஆப்ஸ்லி செர்ரி-கேரார்டு 1922இல் எழுதிய 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்' நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்பரர் பென்குவினின் முட்டைகளைத் தேடி 1911ஆம் ஆண்டின் துருவக் குளிர்கால இருட்டில் மூன்று பேர் நடந்து சென்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அவர்கள் கொண்டுவந்து சேர்த்தது மூன்று முட்டைகள்.