பழைய ஜீப்பில் ‘கீச் கீச்’ சத்தமா? ஷாஃப்ட் கிராஸைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

ஆடிச் சாரல் முடிந்து, வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்த நான்காம் நாள், பொள்ளாச்சியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும்போது எங்கள் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பின் அடியிலிருந்து குருவிக்குஞ்சு மாதிரி கத்த ஆரம்பித்தது. இட்டேரிக்குள், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், மெதுவாக உருட்டினால் கீச்... கீச்... கீச். தார் ரோட்டில் வேகம் ஏற ஏற அது நெருங்கிக்கொண்டே போய், 40-ஐத் தாண்டியதும் காற்றுச் சத்தத்தில் மறைந்துவிடும். ஒரு பட்டறையில் காட்டினேன். பின்சக்கர பேரிங் என்றார்கள், மாற்றினார்கள், காசு கொடுத்தேன், வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் கீச். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வால்பாறை மலையில் பல வருடம் ஜீப் ஓட்டியவர். வண்டிக்குள் ஏறக்கூட இல்லை. “ஏனுங் தம்பி, தண்ணி அடிச்சு உட்டீங்கல்ல, பொறகு கிராஸுக்கு கிரீஸ் அடிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை.

அன்றைக்கு அவர் கூடவே படுத்து உருண்டு கற்றுக்கொண்டதை, ஸ்பேனரை இதுவரை தொடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகும்வரை ஒரு பொருளும் வாங்காதீர்கள்.

வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது

ஃபோர் வீல் ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால், இன்ஜின் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, பின்னால் போகும், ஒன்று முன்னால் போகும். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்புத் துண்டு, அதுதான் கிராஸ். அதன் நான்கு கைகளிலும் நான்கு கப், கப்புக்குள் ஊசி ஊசியாக பேரிங். ஆக, இரண்டு ஷாஃப்டுக்கும் சேர்த்து 4 கிராஸ், 16 கப். ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்கு நடுவில் பல் வெட்டிய ஸ்லிப் ஜாயிண்ட் ஒன்றும் உண்டு.

அந்த ஊசிகள் மற்ற பேரிங் மாதிரி முழுச் சுற்று சுற்றுவதில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். அதனால் கிரீஸ் வற்றினால் ஒரே இடத்திலேயே தேய்ந்து, துருப்பிடித்து, சத்தம் போடும். குட்டை ஜீப்புகளில் பின் ஷாஃப்டும் குட்டை, சாய்வு அதிகம், அதனால் கிராஸுக்கு வேலையும் அதிகம். சாரலில் ஓடை இறங்கி ஏறுவதும், பிரஷரில் அடிக்கிற தண்ணீரும் பழைய சீல் வழியாக உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும்.

முதல் வேலை: சத்தத்தைப் பிரித்துக் கேட்பது

விடியற்காலை, ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நீளமான காம்பவுண்டுச் சுவர் ஒட்டிய ரோடாகப் பார்த்து மெதுவாக ஓட்டுங்கள். நான் ஒரு நார் மில் சுவரை ஒட்டி ஓட்டினேன். சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் காதுக்குத் தெளிவாகக் கிடைக்கும்.

வண்டியை நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்தால் சத்தம் வருகிறதா? வந்தால் ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். குழியில் இறங்கி ஏறும்போது மட்டும் கிறீச் என்றால் கமான் பட்டையும் (வண்டியைத் தாங்கும் வில் பட்டை) அதன் புஷ்ஷும். சத்தம் கீச்சாக இல்லாமல் ஊம் என்று இரைச்சலாக இருந்து, வளைவில் கூடிக் குறைந்தால் அப்போதுதான் சக்கர பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் நியூட்ரலில் விடுங்கள். இன்ஜின் வேகம் இறங்கிய பிறகும் வண்டி உருளுகிற கணக்குக்கே கீச் வந்தால், அது கியர் பாக்ஸுக்குப் பிறகு உள்ள சாமான்தான்.

இப்போது எண்ண வேண்டும். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கூட ஒருவரை நடக்கச் சொல்லி, நடை வேகத்தில் உருட்டுங்கள். கோடு ஒரு சுற்று வருவதற்குள் ஒரே ஒரு கீச் என்றால் சக்கரம், டிரம், ஆக்சில் பக்கம். நான்கைந்து கீச் என்றால் ஷாஃப்ட். வில்லிஸ் சிஜே 3பி-யில் ஆக்சில் ரேஷியோ 5.38, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் ஐந்து முறைக்கு மேல் சுற்றும். என் மாப்பிள்ளை கூட நடந்து எண்ணியதில் ஒரு சுற்றுக்கு ஐந்து வந்தது. மாற்றிய பேரிங்குக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோனது.

டூ வீலில்தானே ஓட்டுகிறோம், முன் ஷாஃப்டாக இருக்காது என்று நினைக்காதீர்கள். ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ள பூட்டு) இல்லாத வண்டியில், அல்லது ஹப் லாக்கிலேயே இருந்தால், முன்சக்கரம் முன் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஹப் இருந்தால் ஃப்ரீயில் வைத்து ஒரு தரம், லாக்கில் வைத்து ஒரு தரம் ஓட்டுங்கள். லாக்கில் மட்டும் கீச் வந்தால் முன் ஷாஃப்டில்தான் ஆள் இருக்கிறார். இதற்காக தார் ரோட்டில் ஃபோர் வீல் லீவரைப் போட வேண்டாம், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

அடியில் படுப்பதற்கு முன்

சமதரையில் நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: பின் ஷாஃப்டைக் கழற்றினால் கியரில் போட்டுவைத்திருப்பது வண்டியைப் பிடிக்காது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் டிரம்மே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஷாஃப்டோடுதான் இருக்கும். ஷாஃப்ட் வெளியே வந்த நிமிடமே ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். கட்டை இல்லாமல் போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள்.

கண்ணாலும் கையாலும் பார்ப்பது

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்த உடனே ஒவ்வொரு கிராஸையும் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், சைலன்ஸர் பக்கம் கை போகாமல். மற்றதெல்லாம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு டார்ச் அடித்து, கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் வளையம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணும் ஏறக்குறைய அதே நிறம், அதனால் ஏமாந்துவிடக் கூடாது. எல்லாக் கப்பையும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தார் ரோட்டிலேயே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மண் என்றால் போனது போனதுதான். துருத்தூள் என்றால் அதே கப் ஓரத்தில், குங்குமத்தை விரலால் இழுத்த மாதிரி மெல்லிசாக மறுபடி வந்து நிற்கும். அது உள்ளே ஊசிகள் பொடிந்து வெளியே வருவது. அந்தக் கிராஸுக்கு கிரீஸ் மருந்து இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆட்டம் பார்க்க, கியரை நியூட்ரலில் வைத்து, ஜாயிண்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிர் எதிராகத் திருகுங்கள். ஆக்சில் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களில் கொஞ்சம் ஆட்டம் இயல்பாகவே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணைக் கப்பில் மட்டும் வையுங்கள். கப்புக்குள் கிராஸ் கொஞ்சமாவது அசைந்தால் தேய்ந்துவிட்டது. முன் கியரிலிருந்து ரிவர்ஸ் போடும்போது ‘டங்’ என்று ஓர் அடி விழுகிற வண்டிகளில் இதை அவசியம் பாருங்கள்.

ஆட்டமும் தூளும் இல்லையென்றால்: கிரீஸ்

லித்தியம் இபி 2 கிரீஸ் போதும். கிரீஸ் ஏற்றுகிற சின்ன மூக்குதான் நிப்பிள். அதைத் துணியால் துடைத்த பிறகுதான் கிரீஸ் கன்னை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணைத்தான் உள்ளே தள்ளுவோம். பழைய கறுப்பு கிரீஸ் போய் நான்கு கப்பிலும் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் விடாதீர்கள், சத்தம் அந்தக் கப்பில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஷாஃப்டைக் கையால் அழுத்தித் தூக்கியும் வண்டியைக் கால் சுற்று உருட்டியும் மறுபடி அடித்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கழற்றத்தான் வேண்டும்.

ஸ்லிப் ஜாயிண்டுக்கு மட்டும் அளவாக அடியுங்கள். கிரீஸ் வெளியே தெரிந்ததும் நிறுத்துங்கள், அதிகம் திணித்தால் முனையில் உள்ள மூடி பிதுங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு கிராஸுக்கு அடித்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போனால் எது கத்தியது என்று நிச்சயமாகத் தெரியும்.

மாற்ற வேண்டி வந்தால்

கழற்றுவதற்கு முன் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) இரண்டு பக்கமும், ஸ்லிப் ஜாயிண்டின் இரண்டு பாதியிலும், பெயிண்டால் நேர்க்கோடு போடுங்கள். இரண்டு முனை யோக்கும் (கப்பைப் பிடித்திருக்கும் கவை) ஒரே வாட்டத்தில் இருந்தால்தான் ஒரு ஜாயிண்ட் உண்டாக்குகிற துடிப்பை இன்னொன்று சரிக்கட்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும்.

கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே டீசல் ஊற்றி ஊறவையுங்கள். கப்பை உள்பக்கமாக ஒரு தட்டு தட்டினால் சர்க்லிப் மேல் உள்ள இறுக்கம் விடும், பிறகு பிளையரில் சுலபமாக வந்துவிடும். ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே போகிற அளவு பெரிய சாக்கெட், இரண்டையும் வைத்து வைஸில் இறுக்கினால் கப் வெளியே வரும். ஷாஃப்ட் குழாயில் சுத்தியல் படக் கூடாது, சொட்டை விழுந்தால் பேலன்ஸ் போய்விடும்.

என் வண்டியில் பின் ஷாஃப்டின் பின்முனைக் கிராஸ்தான் போயிருந்தது. வெளியே எடுத்துத் துடைத்தபோது ஒரு கையில் மட்டும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள், நகம் வைத்து இழுத்தால் டிக் டிக் என்று தடுக்கியது. மற்ற மூன்று கையும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்த ஒரு கப்பில்தான் கிரீஸ் போகவில்லை.

புதுக் கிராஸைப் பழையதோடு பக்கத்தில் வைத்து கப் அளவை ஒத்துப் பார்த்தே கடையில் வாங்குங்கள். மாட்டும்போது கப்பில் ஊசிகள் கிரீஸில் ஒட்டி நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, கிராஸைக் கப்புக்குள் பிடித்தபடியே அழுத்த வேண்டும். சர்க்லிப் காடியில் உட்காரவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம், ஓர் ஊசி சாய்ந்து அடியில் படுத்திருக்கும், கழற்றி மறுபடி செய்யுங்கள். நிப்பிள் கன் எட்டுகிற பக்கம் இருக்கட்டும். மாட்டியபின் கையாலேயே இரண்டு வாட்டத்திலும் ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இளகிவிடும். யோக் ஓட்டையே தேய்ந்து கப் தானாக வழுக்கிப் போகிறது என்றால் அது வீட்டு வேலை இல்லை, கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நல்ல லேத் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள்.

கோடுகளை ஒட்டவைத்து, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். முதல் ஓட்டம் அதே சுவர் ஓரமாகப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் அந்த போல்ட்டுகளை மறுபடி ஒரு தரம் இறுக்கிவிட்டு, அடுத்த முறை வாட்டர் சர்வீஸ் விட்ட அன்றைக்கே கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள்.