சிட்னி டு லாஸ் ஏஞ்சலஸ்: ஃப்ளைட் தூரம், நேரம் நீங்களே கணக்கு போடுறது எப்படி

சிட்னியிலருந்து எல்ஏ எத்தனை மணி நேரம்னு கேட்டா ஒருத்தர் பதிமூன்றரைம்பாரு, இன்னொருத்தர் பதினஞ்சும்பாரு. ரெண்டுமே சரிதான், போறீங்களா வர்றீங்களாங்கிறதுதான் விஷயம்.

முதல்ல தூரம். சுவத்துல மாட்டுற மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, உருண்டையை தட்டையாக்குனதுல அளவெல்லாம் மாறிப்போயிருக்கும். குளோப் மேல ரெண்டு ஊருக்கும் நூல் இழுத்துப் பிடிச்சா வர்ற வழிதான் குறைஞ்ச தூரம், ஃப்ளைட்டும் ஏறக்குறைய அதை ஒட்டித்தான் போகும். கூகுள் மேப்ஸை கம்ப்யூட்டர்ல தொறந்து சிட்னி ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணி, தூரம் அளக்குற ஆப்ஷனை எடுத்து எல்ஏ ஏர்போர்ட்ல ஒரு கிளிக், 12,050 கி.மீ. பக்கம் காட்டும்.

அடுத்து நேரம். பெரிய ஜெட் மணிக்கு சுமார் 900 கி.மீ. போகும், வகுத்தா 13.4 மணி, ரன்வே வரைக்கும் உருண்டு போறது ஏறுறது இறங்குறதுக்கு ஒரு அரை மணி சேத்துக்கங்க, 14 மணி நேரம் கிட்ட வரும். ஆனா இது காத்து இல்லாத கணக்கு. பத்து கி.மீ. உயரத்துல மேற்குலருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம் காத்து அடிக்குது, எல்ஏ போறப்ப பின்னாலருந்து தள்ளிவிடும், திரும்புறப்ப எதிர்காத்து, அதனாலதான் போக பதிமூன்றரை, வர பதினஞ்சு.

எல்லாரும் குழம்புறது தேதியிலதான், இதை நிதானமா பாருங்க. டிசம்பர்ல எல்ஏ சிட்னியை விட 19 மணி நேரம் பின்னாடி, ஜூலைல 17 மணி நேரம்தான், ஏன்னா அங்க சம்மர்னா இங்க விண்டர், கடிகாரத்தை ரெண்டு பேரும் எதிரெதிரா மாத்துறாங்க (நடுவுல மார்ச் கடைசியிலயும் அக்டோபர்லயும் 18 ஆகும்). டிசம்பர் 5 காலை 10 மணிக்கு சிட்னியில கிளம்புறீங்கன்னு வைங்க. அப்ப எல்ஏல 4ஆம் தேதி மதியம் 3 மணி. அதோட பதிமூன்றரை கூட்டுங்க, 5ஆம் தேதி காலை 4:30. அதாவது கிளம்புன நேரத்துக்கு முன்னாடியே போய் இறங்கிருவீங்க! ஹோட்டல் செக்-இன் மதியத்துக்கு மேலதான் இருக்கும், காலையிலயே ரூம் வேணும்னா முந்தின ராத்திரிக்கும் சேத்து புக் பண்ணுங்க.

திரும்புறப்ப இதுக்கு நேர் எதிர். எல்ஏல 20ஆம் தேதி ராத்திரி 10 மணிக்கு ஏறுனா சிட்னியில அப்ப 21 சாயங்காலம் 5, பதினஞ்சு மணி நேரம் கூட்டுனா 22 காலை 8. நடுவுல 21ஆம் தேதி உங்களுக்கு இல்லாமலே போயிரும், அன்னிக்கு யாருக்காவது பிறந்தநாளோ ஆஃபீஸ்ல முக்கியமான மீட்டிங்கோ இருந்தா ஒருநாள் முன்னாடி கிளம்புங்க.

எல்ஏல இறங்கி வேற ஃப்ளைட் மாறுறதா இருந்தா, டிரான்சிட்டா இருந்தாலும் அமெரிக்க இமிகிரேஷன் கியூல நின்னுதான் ஆகணும், அதனால நடுவுல மூணு மணி நேரமாவது விட்டு புக் பண்ணுங்க.