நடுவர் எதைப் பார்க்கிறார்? கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அசையாமல் நில், அவன் வந்து மோதட்டும்" என்று பிள்ளைகளிடம் சொல்லாத பயிற்றுவிப்பாளரைத் திருகோணமலையில் நான் அதிகம் கண்டதில்லை. நானும் பல ஆண்டுகள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால், உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிகள் தடுப்பாட்ட வீரரைக் கம்பமாக நிற்கச் சொல்லவில்லை. எதிராளியை நேருக்கு நேர் பார்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றிய கணத்திலேயே அவருக்கு முறையான காவல் நிலை கிடைத்துவிடுகிறது. அதன் பின்னர் அந்நிலையைக் காத்துக்கொள்ள அவர் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம், தமக்குரிய இடத்துக்குள் நேர்மேலாகக் குதிக்கவும் செய்யலாம். அந்த இடத்தை முதலில் பிடித்தவர் யார், மோதல் அவருடைய மார்பில் விழுந்ததா என்பவற்றையே நடுவர் பார்க்கிறார். எதிராளி தரையை விட்டு எழும்பிய பிறகு அவர் பாதையில் புகுந்தவர், எவ்வளவு அசையாமல் நின்றாலும், தப்ப முடியாது.

கூடைக்கு அடியிலுள்ள அரைவட்டம் இன்னொரு சிக்கல். நாங்கள் பயிற்சி செய்யும் சீமெந்துத் தளத்தில் வெயிலும் உப்புக்காற்றும் அதன் வர்ணத்தைத் தின்றுவிட்டன. ஒரு கச்சான் காலத்து மாலையில், கயிறொன்றை 1.25 மீற்றருக்கு அளந்து, வளையத்தின் நடுவுக்கு நேர்கீழே ஒரு முனையைப் பிடிக்கச் செய்து, வெண்கட்டியால் அதை வரைந்தேன். தடுப்பவரின் ஒரு பாதம் அதற்குள் இருந்தாலும், கையையோ காலையோ முறைகேடாகப் பயன்படுத்தாமல் பந்தோடு பாய்ந்துவந்து மோதுபவர்மீது தாக்குதல் பவுல் (பந்து வைத்திருப்பவர் செய்யும் தவறு) வராது என்று காட்டியபோது, முந்தைய ஆட்டத்தில் நடுவரைக் கள்ளன் என்று முணுமுணுத்த பையன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவனோடு சேர்ந்து நானும் கைகளை விரித்தவன்தான்.

'ட்ரவலிங்', அதாவது பந்தைத் தட்டாமல் அளவுக்கு மிஞ்சி அடி வைத்தல், பற்றிய கூச்சல்களிலும் பாதி இப்படிப்பட்டவையே. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவர், பந்து தம் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்னர் இரண்டு அடிகள் வைக்கலாம். பிடிக்கும்போது ஏற்கெனவே தரையிலிருந்த பாதம் கணக்கில் வராது. 2017 இல் ஃபீபா தெளிவாக்கிய இதை இன்னும் பழைய கணக்கில் எண்ணுகிறவர், பிள்ளைகளுக்குச் சரியான லேஅப்பையே (ஓடிவந்து கூடைக்கு அருகிலிருந்து பந்தைப் போடுவதையே) மறுத்துவிடுகிறார்.

பயிற்சியில் பவுலுக்கு விசில் ஊதாமல் "விளையாடு, விளையாடு" என்று விட்டுவிடுவதை நான் இவை எல்லாவற்றிலும் மோசமான தவறாகக் கருதுகிறேன். ஐந்து நாட்கள் இடுப்பில் கைவைத்துத் தடுத்துப் பழகியவருக்கு ஆறாம் நாள் ஆட்டத்தில் ஊதப்படும் விசில் அநியாயமாகத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாளாவது பயிற்றுவிப்பாளர் தாமே விசிலை எடுத்து, பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத பக்கத்தை மட்டும் பார்த்து நடுவராக நின்று பார்க்க வேண்டும். இரு நடுவர்கள் உள்ள ஆட்டத்தில் ஒருவர் பெரும்பாலும் அங்கேதான் கண் வைத்திருக்கிறார். நாம் பந்தின் பின்னால் ஓடுவதால்தான் அவருடைய விசில் எங்கிருந்தோ வந்ததுபோல் இருக்கிறது.

டைம் அவுட்டை நடுவரிடம் கத்திக் கேட்பது வீண். அதைத் தலைமைப் பயிற்றுவிப்பாளரோ முதல் உதவிப் பயிற்றுவிப்பாளரோ ஸ்கோர் மேசையில்தான் கேட்க வேண்டும். ஒரு கால்பகுதியில் அணியின் பவுல்கள் நான்கானதைக் கவனியாமல், பந்தைப் பறிக்கக் கையை வீசச் சொல்வது, அடுத்த பவுலோடு எதிரணிக்கு பிரீ த்ரோக்களை (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்புகளை) அள்ளிக்கொடுப்பதாகும்.

வாக்குவாதத்துக்கும் விலை உண்டு. தம் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் பவுல்கள் (மோதலுக்கல்லாமல் நடத்தைக்காகக் கொடுக்கப்படுபவை) பெற்ற தலைமைப் பயிற்றுவிப்பாளர் வெளியேற்றப்படுவார். வாங்கு வரிசையில் இருப்பவர்களின் வாயும் அவர் கணக்கிலேயே எழுதப்படும். பந்து நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது அணித்தலைவர் மரியாதையாக விளக்கம் கேட்க விதி இடமளிக்கிறது. எங்கள் அணித்தலைவிக்கு இப்போது ஒரு கேள்வியைத்தான் பழக்கியிருக்கிறேன்: "சேர், எங்கட ஏழாம் இலக்கம் என்ன செய்தவ?" போன ஆட்டத்தில் "இடுப்பில் கை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது, அடுத்த இடைவேளையில் நான் அந்தப் பிள்ளையின் கையை மட்டும் திருத்தினேன்.