புதிய கிலுகிலுப்பையா? பெயர் வைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

குரோட்டலேரியா பேரினத்தில், அதாவது நம் கிலுகிலுப்பைச் செடிகளில், புதிய சிற்றினம் கிடைத்துவிட்டது என்று சொல்லும் கட்டுரைகள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதில் நான் முட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் முட்டிக்கொள்கிறார்கள். லேபிளில் தேதி போடாமல் விடுவது, ஈரத்தோடு அழுத்திப் பூஞ்சணம் பிடிக்க விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வழிகாட்டியிடம் ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

உலகம் முழுவதும் ஏறக்குறைய 700 கிலுகிலுப்பைச் சிற்றினங்கள் உள்ளன. பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் நிறையவே உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மஞ்சள் பூ, ஊதின மாதிரிக் காய். இந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் பெயரிடாத ஒன்று கிடைக்க உண்மையாகவே வாய்ப்பு இருக்கிறது. ஏமாறவும் அதே அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது.

கீயில் வரவில்லை, அதனால் புதுசு

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான்.

செடியைக் கொண்டுவந்து கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைத் திறக்கிறார்கள். கீயில், அதாவது அடையாளங்களை வைத்துச் செடியின் பெயரைக் கண்டுபிடிக்கும் கேள்விப் பட்டியலில், ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். எதிலும் பொருந்தவில்லை. உடனே ‘புதிய சிற்றினம்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நூல் வெளிவரத் தொடங்கியது 1915இல். அன்றைய மாகாணத்துக்குள் விளைந்தவை என்று அவர் அறிந்த செடிகள்தான் அந்தக் கீயில் இருக்கும். அதில் ஒரு செடி சிக்கவில்லை என்றால், அந்தப் பட்டியலில் அது இல்லை என்று மட்டுமே பொருள். மகாராஷ்டிரத்திலோ இலங்கையிலோ தான்சானியாவிலோ அதற்கு எப்போதோ பெயர் வைத்திருக்கலாம்.

ஒரு மாணவர் நீலகிரியிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தார். ஆள் உயரப் புதர், மூன்று மூன்றாகச் சிற்றிலைகள், கிளை நுனியில் நெருக்கமான மஞ்சள் பூங்கொத்து, கொடி இதழில், அதாவது பூவின் மேலே விரிந்திருக்கும் பெரிய இதழில், சிவப்புக் கோடுகள். நீலகிரிக் கிலுகிலுப்பைகள் இரண்டோடு ஒப்பிட்டு அழகாக அட்டவணை போட்டிருந்தார். வழிகாட்டியின் பெயரைச் செடிக்கு வைப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது. இடத்தைப் பார்க்கலாம் என்று அவரோடு போனேன். தேயிலைத் தோட்டத்து எல்லை, தார் ரோட்டை ஒட்டிய சரிவு. நாங்கள் பறித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

“தம்பி, இத எதுக்குப் பறிக்கிறீங்க? துரைமாருங்க காலத்துல தேயிலைக்கு நடுவுல தழை உரத்துக்குப் போட்டதுதானே? வெத தெறிச்சு ரோட்டோரமெல்லாம் வந்துருச்சு.”

அவர் சொன்னது சரி. அது குரோட்டலேரியா மைக்கன்ஸ், அமெரிக்க வெப்பமண்டலச் செடி. 1822இலேயே லிங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் பெயர் வைத்துவிட்டார். இலங்கை, ஜாவா தேயிலைத் தோட்டங்களிலும் இதைத் தழை உரமாக வளர்த்திருக்கிறார்கள். நம் உழவர்கள் விதைத்து மடக்கி உழும் சணப்பும் இதே பேரினம்தான். மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும் என்பதால் கிலுகிலுப்பைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோவது தோட்டக்காரர்களுக்குச் சாதாரண வேலை. இன்னொரு சிக்கல், பழைய தோட்டக்கலை ஏடுகளில் இந்தச் செடி அனாஜைராய்டிஸ் என்ற பெயரில் இருக்கும். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிச் செய்தி கைக்கு வராது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குரோட்டலேரியா சான்சிபாரிகாவுக்கும் இதே கதைதான்.

அந்த மாணவருக்கு இரண்டு பூக்கும் பருவங்கள் போயின. போகட்டும், இளம் வயது. கட்டுரையில் பெயர் போட்டிருந்த மூத்தவர்கள் ஒருவருக்குக்கூட ‘இது வெளியிலிருந்து வந்த செடியாக இருக்குமோ’ என்று கேட்கத் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரோட்டோரம், தோட்ட எல்லை, கிளறிப்போட்ட மண் என்று வரும்போதே முதல் சந்தேகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒப்பீட்டு அட்டவணையில் நமக்குத் தெரிந்த செடிகளை நிரப்புவது சுலபம். நமக்குத் தெரியாத ஒன்றுதான் நெருங்கிய உறவாக இருக்கும்.

சரி, செடி உள்ளூர்ச் செடிதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியாது. தாவரப் பெயர்களின் கணக்கு 1753இல் லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது; முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே உரிமை. தரங்கம்பாடியைச் சுற்றி ராட்லரும் கிளைனும், தென்னிந்தியாவெங்கும் ஹைனேயும், பிறகு 1819இல் வந்த ராபர்ட் வைட்டும் சேகரித்த மாதிரிகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்து, அங்கேயே பெயர் பெற்றன. அந்தப் பெயர்களில் பல இன்று வேறு ஒரு சிற்றினத்தின் இணைப்பெயர், அதாவது அதே செடிக்கு வைத்த மாற்றுப்பெயர், என்ற பட்டியலில் சும்மா கிடக்கின்றன. நீங்கள் புதிதாகப் பிரித்துக் காட்டும் செடி அவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால், நீங்கள் வைத்த பெயர் செல்லுபடியாகாது; பழைய பெயர்தான் எழுந்து வரும். ஆகவே இணைப்பெயர் ஒவ்வொன்றின் முதல் விளக்கத்தையும், அதற்கு ஆதாரமான டைப் மாதிரியையும் பார்த்தே தீர வேண்டும். க்யூ, எடின்பரோ ஹெர்பேரியங்களில், அதாவது உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகங்களில், உள்ளவற்றின் படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, சாக்குச் சொல்ல வழியில்லை.

“டைப் கிடைக்கவில்லை” என்ற ஒற்றை வரியோடு தாண்டிப்போகும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஹைனேயின் செடிகளை வைத்துத் தாவரவியலாளர் ரோத் 1821இல் வெளியிட்ட சிற்றினங்களுக்கான பெர்லின் மாதிரிகள் பெரும்பாலும் 1943 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துபோயின. மாதிரி எரிந்தாலும் பெயர் எரியாது. ஹைனேயின் நகல் மாதிரிகள் வேறு ஹெர்பேரியங்களில் இருக்கலாம், தேட வேண்டும். அதே பெர்லினில் தாவரவியலாளர் வில்டனோவின் தொகுப்பு தப்பிவிட்டது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எல்லாம் எரிந்துவிட்டது என்று நினைத்து, இருப்பதையும் பார்க்காமல் விடுகிறார்கள்.

பூ உண்டு, காய் இல்லை

பூக்கும்போது போய்விட்டு, காய்க்கும்போது போகாமல் இருப்பது. கிலுகிலுப்பையில் காயின் நீளம், மேலுள்ள ரோமம், விதையின் எண்ணிக்கை எல்லாம் சிற்றினத்தைப் பிரிக்கும் அடையாளங்கள். முற்றட்டும் என்று ரொம்பவும் காத்திருந்தாலும் ஆபத்து. யூட்டதைசா அந்துப்பூச்சியின் புழுக்கள் காயைத் துளைத்து உள்ளே இருக்கும் விதைகளைத் தின்றுவிடும். கடைசியில் வெறும் ஓடுதான் கிடைக்கும். பிஞ்சு, முற்றல், காய்ந்தது என்று மூன்று நிலையிலும் எடுங்கள்.

படகு இதழை அழுத்திக் கொல்வது

பூவின் அடியில் படகு மாதிரி இருப்பது படகு இதழ்; அதன் அலகு, அதாவது மூக்கு மாதிரி நீளும் பகுதி, எங்கே வளைகிறது, நுனி முறுக்கிக்கொண்டிருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதெல்லாம் இந்தப் பேரினத்தில் உயிர்நாடி. காகிதத்துக்கு நடுவே அழுத்தியதும் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் அதைப் பார்த்து ‘அலகு நேரானது’ என்று எழுதுவார்கள். செடியிலிருந்து பறித்த கையோடு ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். பத்து மகரந்தத் தாள்களும் அடியில் ஒரே குழலாக ஒட்டி, மேல்பக்கம் பிளந்திருக்கும். ஐந்தின் மகரந்தப்பை நீளமாக, ஐந்தினுடையது குட்டையாக உருண்டிருக்கும். நடுவே சூல்தண்டு, அடியில் முழங்கை மாதிரி மடங்கி, மேலே ரோமத்தோடு. இதையெல்லாம் அங்கேயே அளந்து படம் எடுத்துவிட்டு, சில பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். மறந்துவிட்டீர்களா? காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம். ஆனால் நிறம் திரும்ப வராது.

ஒரே ஒரு செடி

அது சிற்றினம் இல்லை, ஒரு செடி. மலையின் மறுபக்கமும் தேடிவிட்டு வாருங்கள்.

டிஎன்ஏ சொல்லிவிட்டது

ஒப்பிடத் தரவுத்தளத்தில் நெருங்கிய உறவின் டிஎன்ஏ வரிசையே இல்லையென்றால், எதுவுமே புதிதாகத்தான் தெரியும்.

கண்டதும் ‘அழிவின் விளிம்பில்’

ஒரு சரிவில் முப்பது செடி பார்த்ததும் மிக அருகிய இனம் என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த சரிவில் தேடியிருக்க மாட்டார்கள். அருகிவரும் இனங்களை வகைப்படுத்தும் ஐயுசிஎன் அமைப்பின் வரையறையில் ‘தரவு போதாது’ என்ற பிரிவு இருப்பது இதற்காகத்தான். அதைப் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அரிதான செடி என்றால், துல்லியமான ஜிபிஎஸ் எண்களைக் கட்டுரையில் அச்சடிக்காதீர்கள்.

ஹோலோடைப் பீரோவில்

தாவரப் பெயரிடும் விதிகளின்படி, 1958 முதல் டைப் குறிப்பிடாத பெயர் செல்லாது. 1990 முதல், அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். 2012 முதல் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் ஏறாது. இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட ஹோலோடைப்பை, அதாவது பெயருக்கு ஆதாரமாகக் குறிப்பிட்ட அந்த ஒரே மாதிரியை, துறையின் பீரோவில் வைத்துவிட்டு, ‘பிறகு ஒப்படைக்கப்படும்’ என்று எழுதுகிறார்கள். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002, பிரிவு 39இன்படி புதிய சிற்றினத்தை அறிவித்து, அதன் மாதிரியை நியமிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே கொடுத்து, சேர்க்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.